சிங்கிள் ஸ்பீட் எம்டிபிக்குச் செயின் டென்ஷனர்: கடற்கரை ஊர்க்காரர்கள் எதை வாங்கலாம்?

செயின் தொங்காமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வாங்கப் பணத்தை எடுக்கும் முன் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, பின் சக்கர அச்சு உட்காரும் காடியைப் பாருங்கள். காடி படுக்கைவாட்டில் நீளமாக இருந்தால் உங்களுக்கு டென்ஷனரே தேவையில்லை. புதுச்சேரி, கடலூர் கடைகளில் 'கியர் இல்லாத எம்டிபி' (மவுண்டன் பைக்) என்று நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தக் காடிதான். சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை இறுக்கினால் செயின் இறுகிவிடும். காடி மேலிருந்து கீழாகச் செங்குத்தாக இருந்தால் சக்கரத்தை முன்பின் நகர்த்த வழியே கிடையாது. கியர் வண்டியாக வாங்கி, கியர் எல்லாவற்றையும் கழற்றி ஒற்றைப் பல்சக்கரமாக மாற்றுகிறவர்களுக்கு வருவது இந்தச் சிக்கல்தான். இந்த விமர்சனம் முக்கியமாக அவர்களுக்கானது. நான்கு வழிகளைப் பார்க்கப் போகிறோம்: பெயரில்லாத மலிவு டென்ஷனர், சர்லி சிங்குலேட்டர், ஷிமானோ ஆல்ஃபைன் டென்ஷனர், கழற்றிப் போட்ட பழைய டிரெய்லர் (பின்பக்கம் தொங்கி கியர் மாற்றும் டிரெய்லியர்).

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தார்ச் சாலையிலும் ஊருக்குள்ளும் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பழைய டிரெய்லர் போதும், காசு செலவில்லை. செம்மண் தடம், முந்திரித் தோப்பு, கேப்பர் மலை என்று இறங்குகிறவர் சிங்குலேட்டரை வாங்கி, அதன் உருளை (ரோலர்) செயினைக் கீழிருந்து மேலே தள்ளும்படி பூட்ட வேண்டும். மலிவு டென்ஷனரையும் வாங்கலாம், ஆனால் பூட்டுவதற்கு முன் அதில் கொஞ்சம் கைவேலை இருக்கிறது.

படுக்கைக் காடிக்காரர்களுக்கு

டென்ஷனர் வேண்டாம் என்றாலும் இறுக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். கடையில் போய், "அண்ணா, செயின் லூஸா இருக்கு, டைட் வெச்சுக் குடுங்க" என்றால் பல இடங்களில் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். அது தவறு. அதிக இறுக்கம் பின் ஹப்பின் குண்டுகளையும் பெடல் அச்சின் பேரிங்கையும் தின்னும், மிதிக்கும்போது 'கிர்' என்ற சத்தம் வரும், செயினும் சீக்கிரம் தேயும். மேல் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மொத்த ஆட்டம் 10 முதல் 12 மி.மீ இருக்க வேண்டும்.

சக்கரம் கோணாமல் இறுக்க, இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் முடிந்தவரை பின்னுக்கு இழுத்து, செயின் பக்க நட்டை மட்டும் லேசாக முறுக்குங்கள். டயரின் முன்பகுதியை, அதாவது பெடல் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதியை, இடப்பக்கம் தள்ளுங்கள். அச்சின் இடது முனை பின்னால் நகரும். இடது நட்டை இறுக்கி, வலதைத் தளர்த்தி, டயரை நேராக்குங்கள். இப்போது வலது முனை பின்னால் வரும். இரண்டு மூன்று முறை இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் இறுக்கமும் நேரும் ஒன்றாகக் கிடைத்துவிடும். செயின் அட்ஜஸ்டர் போல்ட் இருக்கும் வண்டியில் இந்த வேலை இன்னும் சுலபம். சக்கரம் நகர்ந்த அளவுக்கு பிரேக் கட்டையின் இடமும் மாறியிருக்கும். ரிம் பிரேக் என்றால் கட்டை டயரைத் தொடுகிறதா என்று பாருங்கள், டிஸ்க் என்றால் காலிப்பரைத் தளர்த்தி மறுபடி நடுவில் நிறுத்துங்கள்.

கிராங்கைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தொங்கலாகவும் இருந்தால் குற்றம் அச்சில் இல்லை, முன் பல்சக்கரம் மையம் விலகி இருக்கிறது. போல்ட்டில் பூட்டும் வகைச் சக்கரமாக இருந்தால் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்துங்கள். மிக இறுக்கமான இடத்தில் நிறுத்தி, மேல் செயினின் நடுவில் ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். பல்சக்கரம் தானாக மையத்துக்கு நகரும். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி மறுபடி சுற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் இறுக்கத்தை வைத்தால், தொங்கல் இடத்தில் அளவு சரியாகத் தெரிந்தாலும் இறுக்க இடத்தில் பேரிங் அடிவாங்கும்.

செங்குத்துக் காடியில் ஏன் இவ்வளவு தொல்லை

கணக்கைப் பார்த்தால் காரணம் உடனே விளங்கும். செயினில் அரை அங்குலத்துக்கு, அதாவது 12.7 மி.மீக்கு, ஒரு கண்ணி. உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் ஜோடியாகத்தான் வரும் என்பதால் சாதாரணச் செயினை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத்தான் குறைக்கவோ கூட்டவோ முடியும். பெடல் அச்சிலிருந்து பின் அச்சுக்கு 425 மி.மீ உள்ள சட்டத்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் 32 பல், பின்னால் 16 பல் போட்டால் தேவைப்படும் நீளம் 91.1 கண்ணி. பின்னால் 17 பல் என்றால் 91.6. 18 பல் என்றால் 92.1. நமக்குக் கிடைப்பதோ 90, 92, 94 என்ற இரட்டைப்படை எண்கள்தான்.

ஆக 32/16-க்கு 92 கண்ணி போட்டால் 11 மி.மீ செயின் உபரி. 32/17-க்கு 5 மி.மீ உபரி. 32/18-க்கு 1 மி.மீ பற்றாது. இந்தக் கடைசிக் கணக்கைத்தான் சைக்கிள்காரர்கள் 'மேஜிக் கியர்' என்று தேடி அலைவார்கள். பல் எண்ணிக்கை சட்டத்தின் அளவோடு தற்செயலாகப் பொருந்தினால் டென்ஷனர் இல்லாமலே செயின் இறுக்கமாக நிற்கும். அரை மி.மீ பற்றாக்குறையைச் சரிக்கட்ட அச்சின் முனையை அரத்தால் ராவுகிறவர்களும் உண்டு.

நம் கடற்கரையில் அது நிலைக்காது. செயின் தேயும்போது ஒவ்வொரு ஊசியும் அதன் துளையும் சிறிது சிறிதாக விரிந்து, மொத்த நீளம் கூடுகிறது. 92 கண்ணிச் செயினின் நீளம் 1168 மி.மீ. அரை சதவீதம் தேய்ந்தால் கிட்டத்தட்ட 5.8 மி.மீ கூடிவிடும். மேல் செயின் இறுக்கமாக இருக்க, இந்த உபரி முழுவதும் கீழ்ச் செயினில் சேரும். 425 மி.மீ நீளமுள்ள கீழ்ச் செயினில் வெறும் 2 மி.மீ உபரி இருந்தாலே நடுவில் 2 செ.மீ தொங்கும். 5 மி.மீ என்றால் 3 செ.மீக்கு மேல். மேடுபள்ளத்தில் இறங்கினால் அது அலையடித்துப் பல்லிலிருந்து கழன்றுவிடும். தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரை மணலும், உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழைச் சேறும் சேர்ந்தால் அரை சதவீதத் தேய்மானம் வர அதிக நாள் ஆகாது. செயின் நீள நீள அந்த நீளத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் டென்ஷனர்தான் இங்கே சரி. ஸ்பிரிங் இல்லாமல் ஒரு கோணத்தில் வைத்து போல்ட்டால் பூட்டும் வகையும் விற்கிறது. அதை வாரம் ஒருமுறை தளர்த்தி இறுக்கப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம்.

அரைக் கண்ணி என்றொரு தனிக் கண்ணி கிடைக்கும். ஒரு முனை குறுகி மறுமுனை விரிந்து, பக்கத் தகடுகள் வளைந்து இருக்கும். அதைச் சேர்த்தால் 91, 93 என்ற ஒற்றைப்படை நீளமும் கிடைக்கும். 32/16-க்கு 91 கண்ணி மிக நெருங்கி வரும், ஆனால் அதிலும் தேய்மானக் கதை அதேதான். முன்னால் நேரோ-வைட் பல்சக்கரம் போட்டிருந்தால் அரைக் கண்ணியைத் தொடவே வேண்டாம். அந்தச் சக்கரத்தில் தடித்த பல் வெளிக் கண்ணிக்குள்ளும் மெல்லிய பல் உள் கண்ணிக்குள்ளும் மாறி மாறி விழ வேண்டும். ஒற்றைப்படைச் செயினில் அந்த வரிசை ஒவ்வொரு சுற்றிலும் பிசகி, தடித்த பல் உள் கண்ணியின் மேல் ஏறி நின்றுவிடும்.

மலிவு டென்ஷனர்

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. அலுமினியக் கை, நுனியில் ஒரு ரோலர், கையின் அடியில் சுருள் ஸ்பிரிங். டிரெய்லர் தொங்கும் ஹேங்கரில் எம்10 போல்ட்டால் பூட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தாலும் ஒவ்வொரு பெட்டியிலும் தரம் வேறாக வரும்.

வந்ததும் பார்க்க வேண்டிய முதல் இடம் கையும் போல்ட்டும் சேரும் கீல். கையின் நுனியைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ரோலர் நுனியில் 2 மி.மீக்கு மேல் ஆட்டம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த ஆட்டத்தோடு மிதித்தால் ரோலர் சாய்ந்து செயினை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆட்டம் குறைவு என்றால் போல்ட்டைக் கழற்றி, கீலில் மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்தால் அடங்கிவிடும்.

அடுத்தது ரோலர். பல் இல்லாத வழவழப்பான பிளாஸ்டிக் ரோலராக இருந்தால் மாற்றிவிடுங்கள். சாதாரண 11 பல் டிரெய்லர் ஜாக்கி சக்கரம் (டிரெய்லரில் செயின் ஓடும் சிறு பல்சக்கரம்) ஊர்க் கடையில் கிடைக்கும், அதன் நடுத்துளைக்கு எம்5 போல்ட் பொருந்தும். இங்கே ஒரு கருத்தைத் தயங்காமல் சொல்வோம்: கடல் மணலில் ஓட்டுகிறவருக்குச் சீல் பேரிங் ஜாக்கியைவிடப் புஷ் (குண்டுகள் இல்லாத சிறு குழல்) வைத்த சாதாரண ஜாக்கியே நல்லது. சீலுக்குள் ஒருமுறை உப்புத் தண்ணீர் புகுந்தால் பேரிங் துருவேறி இறுகிவிடும். புஷ் ஜாக்கியை ஒரு அலன் கீயால் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, ஐந்து நிமிடத்தில் திரும்பப் பூட்டலாம்.

மூன்றாவது, கையின் பின்புறம் துருத்திக்கொண்டு நிற்கும் சிறு நாக்கு. அது ஹேங்கரின் பின் விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். முட்டினால்தான் ஸ்பிரிங்கின் விசையை ஹேங்கர் தாங்கும். முட்டாமல் வெறும் போல்ட் இறுக்கத்தை நம்பி நின்றால், நாலு குலுக்கலில் போல்ட் நழுவி டென்ஷனர் முழுவதும் சுழன்றுவிடும். இந்த வகை டென்ஷனர் 'வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த நாக்கில்தான் இருக்கிறது. ஹேங்கரின் வடிவம் வண்டிக்கு வண்டி மாறுவதால் இதை வீட்டில் பூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சர்லி சிங்குலேட்டர்

இதுவும் ஒற்றை ரோலர், ஸ்பிரிங் வகைதான். வேறுபாடு என்னவென்றால், ரோலரை மேலே தள்ளவும் கீழே தள்ளவும் இரண்டு தனி ஸ்பிரிங்குகள் பெட்டியிலேயே வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதிக விலை கொடுக்கலாம். மலிவு வகையில் பெரும்பாலும் கீழே தள்ளுவது மட்டும்தான்.

மேலே தள்ளுவது ஏன் உயர்ந்தது? ரோலர் கீழ்ச் செயினை மேல்நோக்கித் தூக்கும்போது செயின் பின் பல்சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும். 16 பல் சக்கரத்தில் ஒன்றிரண்டு பல் கூடுதலாகப் பிடித்தாலே, எழுந்து நின்று மிதிக்கும்போது பல் தாவுவது நின்றுவிடும். கீழே தள்ளினால் இதற்கு நேர்மாறு, பிடிக்கும் பல் குறையும். இன்னொரு நன்மையை நம் ஊர்த் தடங்களில் ஓட்டுகிறவர்கள் உடனே உணர்வார்கள். மேலே தள்ளும் அமைப்பில் தரையை நோக்கித் தொங்குவது எதுவும் இல்லை. பனை மட்டையும் கருவேல முள்ளும் சக்கரத்தோடு சுற்றி மேலேறும் இடத்தில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கை சிக்கினால், ஹேங்கரை முறுக்கிக்கொண்டு போய்விடும்.

மேலே தள்ளும்போது செயின் நீளத்தில் இம்மி பிசகக் கூடாது. ரோலர் பல்சக்கரத்திலிருந்து சுமார் 6 செ.மீ தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், 5 மி.மீ உபரியை விழுங்க அது 2.3 செ.மீ உயர வேண்டும். 11 மி.மீ உபரிக்கு 3.5 செ.மீ. 25 மி.மீ உபரி இருந்தால் ஐந்தரை செ.மீ ஏற வேண்டும், அந்த நிலையில் கீழ்ச் செயின் மேல் செயினோடு உரசத் தொடங்கும். அப்படி உரசினால் ஒரு ஜோடி கண்ணியை எடுத்துவிடுங்கள். எடுத்தால் செயின் எட்டவில்லை என்றால் பின் பல்லை ஒன்று மாற்றிப் பாருங்கள். ஒரு பல் கூட்டுவதோ குறைப்பதோ செயின் தேவையை ஏறக்குறைய 6 மி.மீ, அதாவது ஒரு கண்ணியில் பாதி, மாற்றும்.

ஷிமானோ ஆல்ஃபைன் சிடி-எஸ்510

ஆல்ஃபைன் என்பது ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் வரிசை. அந்த ஹப்பைச் செங்குத்துக் காடிச் சட்டத்தில் பூட்டுவதற்காக வந்த இரட்டை ஜாக்கி டென்ஷனர் இது. செயின் எஸ் வடிவத்தில் வளைந்து போவதால் ஒற்றை ரோலரைவிட அதிக உபரியை விழுங்கும், தயாரிப்பு நேர்த்தியானது. முன்னால் இரண்டு அளவுப் பல்சக்கரம் வைத்து மாற்றி ஓட்ட நினைப்பவருக்கு நல்ல தேர்வு. ஒரே பல்லில் ஓட்டுகிறவருக்கு இது தேவைக்கு மிஞ்சியது, கீழே தொங்கும் நீளமும் அதிகம். கையில் டிரெய்லர் இருந்தால் இந்த வேலையை அதுவே செய்துவிடும்.

பழைய டிரெய்லர்

வண்டியிலிருந்து கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். கேபிள் இல்லாத டிரெய்லர் வழக்கமாகக் கடைசிச் சின்னப் பல்லின் நேரே, வெளிப்பக்கம் போய் நிற்கும். நமக்கு அது நடுவில் நிற்க வேண்டும். 'எச்' என்று போட்டிருக்கும் லிமிட் ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் கொஞ்ச தூரம் நகரும், பல சமயம் அது போதாது. அப்போது ஒரு சாண் கியர் கேபிளை எடுத்து, அதன் குண்டு முனை டிரெய்லரின் பீப்பாய் அட்ஜஸ்டரில் உட்காரும்படி கோத்து, டிரெய்லரைக் கையால் பல்லுக்கு நேராகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கேபிள் போல்ட்டை இறுக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். நுண்ணிய நேர்த்தியை அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்யலாம்.

செயினை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். ஜாக்கிக் கூடு முன்னோக்கி நன்றாக இழுபட்டு நின்றால் ஸ்பிரிங் விசை அதிகமாக இருக்கும், செயின் அடிப்பது குறையும். எவ்வளவு குறைத்தாலும் டிரெய்லர் ஸ்பிரிங் இளகியதுதான். ஊசுட்டேரிக் கரை மண் சாலையில் வேகமாக இறங்கினால் செயின் சட்டத்தில் 'டப் டப்' என்று அடிக்கும். முன்னால் நேரோ-வைட் இல்லாவிட்டால் கழலவும் கழலும்.

பூட்டும்போது

டென்ஷனர் எதுவானாலும் செயின் நேராக ஓடாவிட்டால் காசு வீண். முன் பல்லின் நடுவிலிருந்து சட்டத்தின் நடுக்கோடு வரை அளந்துகொள்ளுங்கள். எம்டிபியில் நடுப் பல்சக்கரம் வழக்கமாக 47.5 முதல் 50 மி.மீக்குள் இருக்கும். பின்பக்கம் ஹப்பின் அகலத்தில் பாதியிலிருந்து, காடியின் உள்முகத்துக்கும் பின் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். 135 மி.மீ ஹப் என்றால் பாதி 67.5. பல் உள்ளே 18 மி.மீ தள்ளி இருந்தால் 49.5 வரும். முன்னும் பின்னும் ஒரு மி.மீக்குள் ஒத்துப்போக வேண்டும். 2 மி.மீ தாண்டினால் சத்தம் வரும், அதற்கு மேல் போனால் கழலும்.

பல்லை நகர்த்துவது ஸ்பேசர் (இடைவெளி வளையம்) வேலை. பழைய 8 ஸ்பீட் கேசட்டின் (பின் பல்சக்கர அடுக்கின்) ரிவெட்டைத் துளையிட்டுப் பிரித்தால் 3 மி.மீ ஸ்பேசர்கள் கிடைக்கும், உள்ளிருந்து ஒன்றை வெளியே மாற்றினால் பல் 3 மி.மீ உள்ளே போகும். பிளம்பிங் கடையின் பிவிசி குழாயையும் நறுக்கிக்கொள்ளலாம். உள்விட்டம் 35 மி.மீ ஒட்டி வருகிறதா என்று வெர்னியரால் அளந்து வாங்குங்கள். வெட்டுமுகம் தட்டையாக இல்லாவிட்டால் பல் தள்ளாடும் என்பதால் லேத் பட்டறையில் வெட்டித் தரச் சொல்வது நல்லது. கடைசி ஸ்பேசர் ஃப்ரீஹப்பின் (பல் ஏறி உட்காரும் ஹப் உருளையின்) விளிம்பைவிட ஒரு மி.மீ வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் லாக்ரிங் (பூட்டு வளையம்) அதை அழுத்தும். லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். அலுமினிய ஃப்ரீஹப் என்றால் அடி அகலமான ஸ்டீல் பல்லாக வாங்குங்கள். கேசட்டில் இருந்து பிரித்த மெல்லிய பல் ஒற்றையாக எல்லா விசையையும் தாங்கும்போது ஹப்பின் வரிகளில் வெட்டி இறங்கிவிடும். கேசட் பல்லில் செயின் தாண்டி ஏறுவதற்கென்றே வெட்டிய சரிவுகளும் இருக்கும், ஒற்றைப் பல் வண்டியில் அவை செயினைக் கழற்றத்தான் உதவும்.

செயினுக்கு 8 ஸ்பீட் வகையே போதும். 116 கண்ணியாக வரும், வெட்டிக் குறைத்து குயிக் லிங்க் போட்டு இணைக்கலாம். பி.எம்.எக்ஸ் தடிச் செயின் பல்லில் ஓடும், ஆனால் டிரெய்லரின் ஜாக்கிக் கூட்டுக்குள் உரசும்.

டென்ஷனர் போல்ட்டைப் பூட்டும் முன் ஹேங்கரின் மரையில் கிரீஸ் தடவுங்கள். ஸ்டீல் போல்ட்டும் அலுமினிய ஹேங்கரும் உப்புக் காற்றில் சேர்ந்தால் ஒன்றோடொன்று இறுகி, கழற்றும்போது மரையையே பிடுங்கிக்கொண்டு வரும். இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். பின்னால் நின்று கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றி, செயின் ரோலருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கத் தகட்டில் மட்டும் மினுமினுப்பான தேய்ப்புத் தடம் விழுந்தால் ரோலரை ஒரு வாஷர் அளவு நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். ஹேங்கரே வளைந்திருந்தால் எத்தனை வாஷர் போட்டும் பயன் இல்லை, முதலில் ஹேங்கரை நிமிர்த்துங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப்பிலோ, பெடல் எப்போதும் சக்கரத்தோடே சுற்றும் ஃபிக்ஸட் கியரிலோ ஸ்பிரிங் டென்ஷனரைப் பூட்டவே கூடாது. பின்மிதியில் முழு விசையும் கீழ்ச் செயினில் வரும். கை வளையும் அல்லது உடையும், பிரேக்கும் பிடிக்காது.

பல் எத்தனை?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சமதளம்தான், ஆனால் கடல் காற்று எதிரே அடித்தால் மேட்டில் மிதிப்பது போலத்தான் இருக்கும். 26 அங்குலச் சக்கரத்துக்கு 32/16 போதும். 29 அங்குலத்துக்கு அதே உழைப்பில் ஓட்ட 32/18 வேண்டும். திருவந்திபுரம் பக்கம் கேப்பர் மலை ஏற்றமும் தோப்பு மணலும் அடிக்கடி என்றால் 32/20. பல்லை முடிவு செய்த பிறகுதான் செயினை வெட்ட வேண்டும்.

பராமரிப்பு

கடற்கரை மணலில் ஓட்டி வந்த அன்றே நல்ல தண்ணீரில் டென்ஷனரைக் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் மணல் கீலுக்குள் போகும், குவளையால் ஊற்றினால் போதும். துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், மணலை இழுத்துப் பிடித்துச் செயினுக்கு அரமாகிவிடும்.

மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கீலைப் பிரித்து ஸ்பிரிங்குக்கு கிரீஸ் வையுங்கள். பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் முனை எந்தத் துளையில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கை தானாகத் திரும்பாமல் பாதியில் நின்றால் ஸ்பிரிங் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம், கீலில் துரு ஏறியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்பிரிங் டென்ஷனரில் ஒரு ஆபத்து உண்டு: செயின் தேய்வதை அது மறைத்துவிடும். தொங்கல் தெரியாததால் பலர் செயினை மாற்றுவதே இல்லை, கடைசியில் பல்சக்கரமும் சேர்ந்து போகும். ஸ்டீல் ஸ்கேலை ஊசியின் மையத்தில் வைத்து 24 கண்ணி அளந்து பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்துக்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பல்லையும் மாற்ற வேண்டிவரும், பழைய பல்லில் புதுச் செயின் தாவும்.

ஆர்டர் போடும்போது உங்கள் சட்டத்துக்குரிய ஹேங்கர் ஒன்றையும் கூடவே வாங்கிவிடுங்கள். ஹேங்கர் வண்டிக்கு வண்டி மாறும், அவசரத்துக்குப் புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூரிலும் உங்கள் மாடலுக்கானது கிடைக்கும் என்று நம்ப முடியாது. பார்சல் வந்ததும் எம்10 போல்ட்டை ஹேங்கரில் முதலில் விரலால் முறுக்குங்கள். இரண்டு சுற்றுக்குள் இறுகினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். மரை 1 மி.மீ இடைவெளியில் இருக்க வேண்டும், சாதாரண ஹார்டுவேர் கடை எம்10 போல்ட்டில் அது 1.5 மி.மீ. தவறானதை வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஹேங்கர் அன்றோடு முடிந்தது.